ஒரு பெயர், இரண்டு அணிகள்: வின்னிபெக் ஜெட்ஸ் ஊர் மாறிய கதை

1993 மார்ச் 2. கனடாவின் நடுப்பகுதியில், குளிருக்குப் பேர்போன வின்னிபெக் நகரம். பழைய ஐஸ் ஹாக்கி அரங்கம் ஒன்றில் இருக்கைகள் நிரம்பி வழிகின்றன. உள்ளூர் அணியான ஜெட்ஸுக்கு ஆடுகிற டீமு செலான்னே என்ற 22 வயது ஃபின்லாந்து இளைஞனுக்கு அது முதல் சீசன். எங்கிருந்தோ மேலே தூக்கி அடிக்கப்பட்ட பந்துவட்டு முன்னால் வந்து விழுகிறது. அதைப் பிடிக்க எதிரணிக் கோல்கீப்பர் கோலை விட்டு முன்னால் ஓடி வருகிறார். செலான்னே ஒரு நொடி முந்திக்கொண்டு, ஒரே தட்டில் வட்டை அவருக்கு மேலாகக் கோலுக்குள் அனுப்பிவிடுகிறான். பிறகு கையுறையைக் கழற்றி வானத்தில் வீசுகிறான். ஹாக்கி மட்டையைத் துப்பாக்கிபோல் பிடித்து, பறக்கும் கையுறையைக் குறிபார்த்துச் சுடுவதுபோல் பாவனை செய்கிறான்.

அந்த சீசனில் அது அவனுக்கு 54-வது கோல். முதல் சீசன் ஆடும் வீரர்களில் மைக் பாஸி 1978-இல் வைத்த 53 கோல் சாதனை அன்று உடைந்தது. சீசன் முடியும்போது கணக்கு 76-இல் நின்றது. அதை இன்றுவரை யாரும் தொடவில்லை.

இந்தக் காட்சியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்று ஐஸ் மேல் ஆடிய இரண்டு அணிகளும் அடுத்த சில ஆண்டுகளில் ஊரைக் காலி செய்துவிட்டன. எதிரணியான கியூபெக் நோர்டிக்ஸ் 1995-இல் அமெரிக்காவின் டென்வருக்குப் போனது. ஜெட்ஸ் 1996-இல் அரிசோனா பாலைவனத்துக்குப் போனது. இன்று வின்னிபெக்கில் மறுபடியும் ஜெட்ஸ் என்றே ஓர் அணி ஆடுகிறது. ஆனால் அது செலான்னே ஆடிய அணி அல்ல, வேறோர் ஊரிலிருந்து வந்தது. அப்படியானால் அந்த 76 கோல்கள் இப்போது யாருடைய கணக்கில் இருக்கின்றன?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால், வட அமெரிக்காவில் ஓர் அணி 'ஊர் மாறுவது' என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் 11 பேரும் நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கி வேறு ஆட்டம். காலில் கத்தி பொருத்திய ஸ்கேட்டிங் காலணியோடு, உறைந்த தளத்தில் வழுக்கி ஓடி ஆட வேண்டும். கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. மொத்தம் 60 நிமிடம், அது 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும்.

இந்த ஆட்டத்தின் உச்சம் நேஷனல் ஹாக்கி லீக். சுருக்கமாக என்.ஹெச்.எல். 1917-இல் தொடங்கியது. இப்போது 32 அணிகள், அவற்றில் ஏழு கனடாவில் இருக்கின்றன, மற்றவை அமெரிக்காவில். ஒவ்வோர் அணியும் சீசனுக்கு 80-க்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடும். தேறும் 16 அணிகள் ப்ளேஆஃப் சுற்றுக்குப் போகும். கடைசியில் ஜெயிப்பவர்களுக்கு ஸ்டான்லி கோப்பை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு கிளப் மோசமாக ஆடினால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், நன்றாக ஆடினால் மேலே ஏறும். எவ்வளவு கீழே இறங்கினாலும் அது அந்த ஊர்க் கிளப்தான். என்.ஹெச்.எல். அப்படியல்ல. மொத்த இடங்கள் இத்தனைதான் என்று லீக் முடிவு செய்கிறது. ஒவ்வோர் இடமும் ஒரு உரிமம். அதைத்தான் ஃபிரான்சைஸ் என்கிறார்கள். பஸ் ரூட் பெர்மிட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் வைத்திருப்பவர் அதை விற்கலாம். மற்ற உரிமையாளர்கள் கூடி வாக்களித்துச் சம்மதித்தால், வேறு ஊருக்கும் மாற்றலாம். வீரர்களின் ஒப்பந்தங்கள், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் உரிமை எல்லாம் உரிமத்தோடு சேர்ந்தே போகும். போகாமல் தங்குவது ரசிகர்களும் காலி அரங்கமும்தான்.

புதிய ஊர் ஒன்றுக்கு அணி வேண்டுமென்றால் இரண்டே வழி. லீக் இடங்களைக் கூட்டும்போது புதிதாக ஓர் உரிமம் வாங்கலாம். இல்லையென்றால் வேறு ஊர் அணியை வாங்கிக்கொண்டு வரலாம். அதாவது, ஓர் ஊர் கொண்டாடும் நாளில் பெரும்பாலும் இன்னோர் ஊர் அழுதுகொண்டிருக்கும். வின்னிபெக் இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்த ஊர். அதனால்தான் இதை விளக்க அந்த ஊரை எடுத்துக்கொண்டேன்.

தெருமுனையில் ஒரு கையெழுத்து

ஜெட்ஸ் பிறந்ததே ஒரு கலகத்தில்தான். என்.ஹெச்.எல்.லுக்குப் போட்டியாக 1972-இல் வேர்ல்டு ஹாக்கி அசோசியேஷன் என்ற லீக் ஆட்டத்தைத் தொடங்கியது. அதில் வின்னிபெக்கின் பென் ஹாட்ஸ்கின் ஓர் அணி வைத்தார். புதிய லீக்கை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அதனால் ஹாட்ஸ்கின் துணிந்து ஒரு வேலை செய்தார். சிகாகோவுக்கு ஆடிக்கொண்டிருந்த பாபி ஹல், அன்றைய மிகப்பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். அவரைப் பத்து ஆண்டுக்கு 27.5 லட்சம் டாலர் பேசி வின்னிபெக்குக்கு அழைத்து வந்தார். அதில் பத்து லட்சம் முன்பணம். அந்தப் பணத்தைத் தரப் புதிய லீக்கின் மற்ற அணிகளும் தோள் கொடுத்தன. ஹல் வந்தால் லீக்கே பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

1972 ஜூன் 27 அன்று, போர்ட்டேஜ் சாலையும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஊர் மக்கள் பார்க்க ஹல் கையெழுத்திட்டார். வின்னிபெக்காரர்களுக்கு அந்தச் சந்திப்பு ஊரின் நடுமுற்றம் மாதிரி. இந்தக் கதையில் அந்த இடம் இன்னொரு தடவையும் வரும்.

அப்புறம் 1974-இல் ஸ்வீடனிலிருந்து ஆண்டர்ஸ் ஹெட்பெரி, உல்ஃப் நீல்சன் இருவரும் வந்து ஹல்லோடு சேர்ந்தார்கள். ஐரோப்பியர்கள் மென்மையானவர்கள், வட அமெரிக்க ஆட்டத்தின் முரட்டு அடியைத் தாங்க மாட்டார்கள் என்ற எண்ணம் இருந்த காலம் அது. அடித்துப் பார்த்தார்கள், இருவரும் அசரவில்லை. இடம் மாறி மாறி ஓடி, வட்டைக் கைமாற்றிக்கொண்டே முன்னேறும் அவர்கள் பாணி பிற்கால ஹாக்கியின் முகத்தையே மாற்றியது. அந்த லீக்கின் கோப்பையை ஜெட்ஸ் 1976, 1978, 1979 என மூன்று முறை வென்றது.

1979-இல் போட்டி லீக் கலைந்தது. அதன் நான்கு அணிகளை என்.ஹெச்.எல். சேர்த்துக்கொண்டது. எட்மன்டன், கியூபெக், ஹார்ட்ஃபோர்ட், வின்னிபெக். சேர்த்துக்கொண்ட விதம்தான் கொடுமை. பழைய வீரர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர மற்றவர்கள் மீது என்.ஹெச்.எல். அணிகளுக்கே உரிமை என்று ஆக்கிவிட்டார்கள். கோப்பை வென்ற அணி ஒரே கோடையில் எலும்புக்கூடானது. 1980-81 சீசனில் ஜெட்ஸ் 80 ஆட்டத்தில் ஒன்பதில்தான் ஜெயித்தது. தொடர்ச்சியாக 30 ஆட்டம் வெற்றியே இல்லை. அந்தச் சோகச் சாதனையும் இன்னும் அப்படியே இருக்கிறது.

கடைசி இடத்தில் முடித்த அணிக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைத்தது. அதில் வந்தவர் டேல் ஹாவர்சக். 18 வயதுப் பையன், முதல் சீசனிலேயே 103 புள்ளிகள் எடுத்தான். கோல் போட்டாலும், கோலுக்கு வட்டைக் கொடுத்தாலும் வீரருக்கு ஒரு புள்ளி உண்டு. அடுத்த ஒன்பது ஆண்டுகள் வின்னிபெக் என்றால் ஹாவர்சக்தான். நேரம்தான் சரியில்லை. ஆட்டத்தின் மாபெரும் நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கியின் எட்மன்டன் அதே பிரிவில் இருந்தது. ஹாவர்சக் இருந்த காலத்தில் எட்மன்டன் ஐந்து முறை ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. ஜெட்ஸ் ப்ளேஆஃபுக்கு வரும், எட்மன்டனிடம் மாட்டும், வீட்டுக்குப் போகும்.

ஆனாலும் ஊர் அணியைக் கைவிடவில்லை. 1987 ப்ளேஆஃபில் கால்கரி ரசிகர்கள் சிவப்புச் சட்டையில் அரங்கத்தை நிறைத்தபோது, பதிலுக்கு வின்னிபெக் ரசிகர்கள் தலை முதல் கால் வரை வெள்ளையில் வந்தார்கள். அந்தத் தொடரில் கால்கரியை ஜெட்ஸ் வீழ்த்தியது. 'ஒயிட் அவுட்' என்ற அந்த வழக்கம் அன்றிலிருந்து ஊரின் சொத்து. அரங்கத்தின் ஒரு முனையில் உச்சியில் எலிசபெத் ராணியின் பிரம்மாண்டமான ஓவியம் தொங்கும். கீழே ஆயிரக்கணக்கில் வெள்ளைச் சட்டைகள். பழைய படங்களில் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

அரங்கம் நிறைந்தும் ஏன் போனது?

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ரசிகர்கள் இவ்வளவு உயிராக இருந்தும் அணி ஏன் போக வேண்டும்?

முதல் காரணம் டாலர். ஹாக்கி வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில். வின்னிபெக்கில் டிக்கெட் விற்பதோ கனடிய டாலரில். 1995-இல் ஒரு கனடிய டாலர் சுமார் 73 அமெரிக்க சென்ட்தான். பத்து லட்சம் அமெரிக்க டாலர் சம்பளம் வாங்கும் ஒரு வீரருக்கு, ஜெட்ஸ் கிட்டத்தட்ட 13.7 லட்சம் கனடிய டாலர் திரட்ட வேண்டும். அதே தரமுள்ள வீரருக்கு அமெரிக்க அணி ஒன்று செலவழிப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. நியூயார்க்கும் டெட்ராய்ட்டும் விலையை ஏற்றிவிட்டால், வின்னிபெக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, அரங்கம். 1955-இல் கட்டியது. பெரிய நிறுவனங்கள் வருடக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் சொகுசு அறைகள்தான் அப்போது அமெரிக்க அரங்கங்களின் அட்சய பாத்திரம். இங்கே அந்த வசதி போதாது. அரங்கமும் அணிக்குச் சொந்தமில்லை. வின்னிபெக் பெரிய நகரமும் இல்லை, ஏழு லட்சத்தை எட்டாத மக்கள்தொகை. நிரம்பிய அரங்கத்தோடு நஷ்டம் வருவது இப்படித்தான்.

1995 மே மாதம் போவது உறுதி என்றானது. அப்போது ஊர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. அணியைக் காப்பாற்றப் பொதுமக்களே பணம் திரட்டினார்கள். குழந்தைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறுகள் இரண்டு கூடும் 'தி ஃபோர்க்ஸ்' என்ற இடத்தில் சுமார் 35,000 பேர் கூடினார்கள். அந்த அழுத்தத்தில் அணி இன்னும் ஒரு சீசன் தங்கியது. புது அரங்கம், புது உரிமையாளர் என்ற கணக்கு மட்டும் கடைசிவரை கூடிவரவில்லை. 1996 பிப்ரவரியில் செலான்னேயையும் அனாஹெய்முக்கு மாற்றிவிட்டார்கள்.

1996 ஏப்ரல் 28. முதல் சுற்று ப்ளேஆஃபின் கடைசி ஆட்டத்தில் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்றது ஜெட்ஸ். கடைசி கோலை நார்ம் மக்கைவர் போட்டார். தோற்றதைவிட, 'இனி இல்லை' என்பதுதான் அன்று அரங்கத்தை அழவைத்தது.

இது வின்னிபெக்கின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1979-இல் உள்ளே வந்த நான்கு அணிகளில் மூன்று வரிசையாகப் போயின. 1995-இல் கியூபெக், 1996-இல் வின்னிபெக், 1997-இல் ஹார்ட்ஃபோர்ட். கியூபெக்கின் வலிதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. டென்வர் போன முதல் சீசனிலேயே, கொலராடோ அவலாஞ்ச் என்ற பெயரில் அந்த அணி ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிவிட்டது. பல ஆண்டு தோல்வியைப் பொறுத்திருந்து வளர்த்தது ஓர் ஊர், அறுவடை செய்தது வேறோர் ஊர். எஞ்சிய எட்மன்டனும் தப்பித்தது மயிரிழையில்தான். 1998-இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து வாங்கியதால் அது நின்றது.

பாலைவனத்தில் 28 ஆண்டு

ஜெட்ஸ் போன இடம் ஃபீனிக்ஸ். புதிய பெயர் கயோட்டீஸ். அரிசோனா கதை தனியாகவே எழுத வேண்டிய அளவு நீளம், இங்கே முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதல் அரங்கம் கூடைப்பந்துக்காகக் கட்டியது, சில இருக்கைகளிலிருந்து ஒரு பக்கக் கோலே சரியாகத் தெரியாது. 2003-இல் புறநகரான கிளெண்டேலுக்கு மாறினார்கள். 2009-இல் உரிமையாளர் அணியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். கனடியத் தொழிலதிபர் ஜிம் பால்சில்லி அதை வாங்கி ஹாமில்டனுக்குக் கொண்டுபோக முயன்றார். நீதிபதி அனுமதிக்கவில்லை. கடைசியில் லீக்கே அணியை வாங்கி நடத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கட்டத்தில்தான் வின்னிபெக் மறுபடி கதைக்குள் வருகிறது. அங்கே நிலைமை மாறியிருந்தது. மார்க் சிப்மன் என்ற உள்ளூர்த் தொழிலதிபரின் குழு, மூடிப்போன ஈட்டன்ஸ் பல்பொருள் அங்காடி இருந்த இடத்தில் 2004-இல் புதிய அரங்கம் திறந்திருந்தது. கனடாவின் பெரும் பணக்காரக் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் தாம்சன் அவர்களோடு நின்றார். அதைவிட முக்கியமான மாற்றம் லீக்கில் நடந்தது. 2004-05 சீசனே ரத்தாகும் அளவுக்கு உரிமையாளர்களும் வீரர்களும் மோதி, முடிவில் சம்பள உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர். பணக்கார அணிகள் சிறிய அணிகளோடு வருமானத்தில் ஒரு பகுதியைப் பகிரும் ஏற்பாடும் வந்தது. 2011-இல் கனடிய டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமாகவே நின்றது. 1996-இல் வின்னிபெக்கைத் துரத்திய காரணங்கள் ஒவ்வொன்றாக விலகியிருந்தன.

கயோட்டீஸே திரும்பி வரும் என்றுதான் பலர் நம்பினார்கள். கிட்டத்தட்ட வந்தும்விட்டது. ஆனால் கிளெண்டேல் நகராட்சி, நஷ்டத்தை ஈடுகட்ட ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் தர 2010-இலும் 2011-இலும் முன்வந்தது. அதனால் அணி அங்கேயே தங்கியது. கதவு அடைத்ததும் வேறொரு கதவு திறந்தது. அது அட்லாண்டா.

அட்லாண்டாவின் பக்கம்

வின்னிபெக் கதையைச் சொல்பவர்கள் பலர் அட்லாண்டாவை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். 'தெற்கத்திக்காரர்களுக்கு ஹாக்கி தெரியாது' என்பார்கள். அது நியாயமில்லை.

அட்லாண்டாவுக்கு 1972-இலேயே ஃப்ளேம்ஸ் என்ற அணி இருந்தது. 1980-இல் அதைக் கால்கரிக்கு விற்றுவிட்டார்கள். ஆம், 1987-இல் சிவப்புச் சட்டையோடு வின்னிபெக்கை எதிர்த்ததே, அதே உரிமம்தான். 1999-இல் அட்லாண்டாவுக்கு இரண்டாவது வாய்ப்பாக த்ராஷர்ஸ் வந்தது. ஜார்ஜியா மாநிலப் பறவையின் பெயர் அது. இலியா கோவல்சக், டேனி ஹீட்லி போன்ற இளம் நட்சத்திரங்கள் ஆடினார்கள். 2003-இல் ஒரு கார் விபத்தில் டான் ஸ்னைடர் என்ற வீரரைப் பறிகொடுத்தார்கள். பின்னர் அணியை வாங்கிய கூட்டாளிகள் தங்களுக்குள்ளேயே வழக்குப் போட்டுக்கொண்டு பல வருடம் சண்டையிட்டார்கள். 11 சீசனில் ஒரே ஒருமுறை, 2007-இல், அணி ப்ளேஆஃபுக்குப் போனது. அதிலும் நான்கு ஆட்டமும் தோல்வி. ஜெயிக்காத அணி, சண்டை போடும் முதலாளிகள். எந்த ஊராக இருந்தாலும் கூட்டம் குறையத்தான் செய்யும். எனக்குத் தெரிந்து அட்லாண்டா ரசிகர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை.

2011 மே 31 அன்று அறிவிப்பு வந்தது. மொத்தம் 17 கோடி டாலர். அதில் 6 கோடி, ஊர் மாற்ற அனுமதிப்பதற்காக லீக்குக்குக் கட்டும் கட்டணம். வின்னிபெக்கில், 39 ஆண்டுக்கு முன் ஹல் கையெழுத்திட்ட அதே சந்திப்பில் மக்கள் திரண்டு கொண்டாடினார்கள். அட்லாண்டாவில், இரண்டாவது அணியையும் கனடாவுக்குப் பறிகொடுத்தவர்கள் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார்கள்.

முதலில் ஓர் இலக்கு வைத்தார்கள்: சீசன் முழுவதற்குமான டிக்கெட் 13,000 விற்றுக் காட்ட வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்க வேண்டிய டிக்கெட் அது. பொதுமக்களுக்கான விற்பனை ஜூன் 4-இல் தொடங்கியது. 17 நிமிடத்தில் தீர்ந்தது.

பெயரை மட்டும் கடைசிவரை ரகசியமாக வைத்திருந்தார்கள். புதிய உரிமையாளர்கள் வேறு பெயரையும் யோசித்திருக்கிறார்கள். ஊர் ஒரே குரலில் கேட்டது ஜெட்ஸ். ஜூன் 24 அன்று டிராஃப்ட் மேடையில் ஏறி, அணியின் முதல் தேர்வை அறிவிக்கப் பொது மேலாளரை அழைத்தபோதுதான் சிப்மன் அந்தப் பெயரை உச்சரித்தார். அன்று தேர்வானவர் மார்க் ஷைஃபிலி. அவர் இன்றும் அங்கேதான் ஆடுகிறார்.

அக்டோபர் 9-இல் முதல் ஆட்டம், மான்ட்ரியலிடம் 5-1 தோல்வி. யாரும் கவலைப்படவில்லை. ஒரே ஒரு கோல் போட்ட நிக் ஆன்ட்ரோபோவுக்குக் கிடைத்த கைதட்டலில், 15 ஆண்டு காத்திருப்பு மொத்தமும் இருந்தது.

சரி, 76 கோல்கள் எங்கே?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். சாதனைகள் ஊரோடு தங்குவதில்லை, உரிமத்தோடு போகின்றன. இதுதான் என்.ஹெச்.எல். வழக்கம். அதனால் பழைய ஜெட்ஸின் கணக்கு முழுவதும் அரிசோனாவுக்குப் போனது. ஹாவர்சக்கின் புள்ளிகள், செலான்னேயின் 76 கோல்கள், 30 ஆட்டம் வெற்றியில்லாத அந்தச் சோகம்கூட. இப்போதைய ஜெட்ஸின் அதிகாரபூர்வ வரலாறு 1999-இல் அட்லாண்டாவில் தொடங்குகிறது. கோவல்சக் அட்லாண்டாவுக்காகப் போட்ட 328 கோல்கள் வின்னிபெக் கணக்கில் இருக்கின்றன. அவர் ஜெட்ஸ் சட்டையைப் போட்டதே இல்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியை 1996-இல் பால்டிமோருக்குக் கொண்டுபோனபோது, ஊர் சண்டை போட்டுப் பெயரையும் சாதனைகளையும் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. பால்டிமோர் அணி ரேவன்ஸ் என்ற புதுக் கணக்கில் தொடங்கியது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. கோலைப் பார்த்துக் கத்தியவர்கள் இருக்கும் ஊரில் அந்தக் கோல் இருக்கட்டும்.

2024-இல் கதை இன்னும் சிக்கலானது. கிளெண்டேல் ஒப்பந்தம் முடிந்து, கயோட்டீஸ் இரண்டு சீசன் பல்கலைக்கழக அரங்கம் ஒன்றில் ஐயாயிரத்துக்கும் குறைவான ரசிகர்கள் முன் ஆடியது. புது அரங்கத்துக்கான திட்டத்தை ஃபீனிக்ஸுக்குப் பக்கத்திலுள்ள டெம்பி நகர வாக்காளர்கள் 2023-இல் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு யூட்டா மாநிலத் தொழிலதிபர் ரயன் ஸ்மித், 120 கோடி டாலர் பேரத்தில் வீரர்கள் எல்லோரையும் சால்ட் லேக் சிட்டிக்கு அழைத்துப்போனார். அந்த அணி இப்போது யூட்டா மேமத். ஆனால் இம்முறை லீக் வேறு மாதிரி எழுதியது. யூட்டா புதிய அணி. கயோட்டீஸ் 'செயல்படாத' உரிமம். பெயரும் சாதனைகளும் அதோடு நின்றுவிட்டன.

ஆக, செலான்னேயின் 76 கோல்கள் இப்போது ஆடாத ஓர் அணியின் பெயரில் இருக்கின்றன. அவை வின்னிபெக்கிலும் இல்லை, யூட்டாவிலும் இல்லை.

வின்னிபெக் தன் வழியில் இதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. 2016-இல் ஜெட்ஸ் தன் புகழ் மண்டபத்தைத் தொடங்கியபோது முதலில் சேர்த்தது ஹல், ஹெட்பெரி, நீல்சன் மூவரையும். மூவருமே காகிதத்தில் வேறு அணிக்காரர்கள். 2020-இல் மறைந்த ஹாவர்சக்குக்கு 2022-இல் அரங்கத்துக்குப் பக்கத்தில் சிலை வைத்தார்கள். வெள்ளைச் சட்டையும் திரும்பி வந்துவிட்டது. தேசிய கீதத்தில் 'ட்ரூ நார்த்' என்ற சொற்கள் வரும்போது அரங்கமே சேர்ந்து கத்துகிறது. அது அணியை மீட்டுக்கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர்.

கவலை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. லீக்கின் மிகச் சிறிய சந்தைகளில் ஒன்று என்ற உண்மை மாறவில்லை. ஒரு காலத்தில் 13,000 ஆக இருந்த சீசன் டிக்கெட் எண்ணிக்கை 10,000-க்கும் கீழே இறங்கியபோது, இப்படியே நீடித்தால் சரிவராது என்று 2024-இல் சிப்மனே வெளிப்படையாகச் சொன்னார். 1996-ஐப் பார்த்த ஊருக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த சீசனில் அணி லீக்கிலேயே முதலிடம் பிடித்தது. ப்ளேஆஃப் முதல் சுற்றில், செயின்ட் லூயிஸுக்கு எதிரான தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டத்தில் 1.6 நொடி மிச்சமிருக்கும்போது கோல் போட்டுச் சமன் செய்து, இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஜெயித்தது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி 2016 அக்டோபரில் நடந்தது. வின்னிபெக்கில், திறந்த மைதானத்தில், ஓய்வுபெற்ற பழைய ஜெட்ஸ் வீரர்களும் பழைய எட்மன்டன் வீரர்களும் ஒரு நட்பு ஆட்டம் ஆடினார்கள். எதிரணியில் கிரெட்ஸ்கி. ஸ்கோர் 5-5. முடிய சில நொடிகள் இருக்கும்போது ஜெட்ஸுக்கு ஒரு பெனால்ட்டி கிடைக்கிறது. 46 வயது செலான்னே தனியாக வட்டைத் தள்ளிக்கொண்டு கோல்கீப்பரை நோக்கிப் போகிறார், உள்ளே தட்டிவிடுகிறார். நட்பு ஆட்டம் என்பதால் அந்தக் கோல் எந்த உரிமத்தின் கணக்கிலும் ஏறவில்லை. வின்னிபெக்கில் அதைப் பார்த்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.